வேலைக்கும் ஊருக்கும் தயார்ப்படுத்தும் படிப்பு: எந்த ஏற்பாடு யாருக்குப் பொருந்தும்?

பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் கைக்கு வரும் விளக்கக் கையேடுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். நல்ல வேலை கிடைக்கும், சமூகத்துக்குப் பயன்படும் மனிதராக வெளியே வருவீர்கள் என்ற இரண்டு வாக்குறுதிகளும் எல்லாவற்றிலும் உண்டு. வாக்குறுதிகளை ஒப்பிட்டுப் பயனில்லை. அந்த மூன்று, நான்கு ஆண்டுகளில் மாணவர் பாடப்புத்தகத்துக்கு வெளியே என்ன வேலை செய்கிறார், எத்தனை மணி நேரம் செய்கிறார், யார் திருத்துகிறார், செய்து முடித்ததை யார் வாங்கிக்கொள்கிறார் என்று பார்க்க வேண்டும்.

இந்த நான்கில் கடைசிக் கேள்விதான் கனமானது. ஒரு செமஸ்டர் முழுக்க உழைத்து எழுதிய அறிக்கையை ஆசிரியர் மட்டும் வாங்கி, மதிப்பெண் போட்டு அலமாரியில் வைத்துவிட்டால் அதிலுள்ள பிழை யாரையும் பாதிக்காது. அதே வேலையை ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கோ, குடிநீர் வழங்கும் அலுவலகமோ, ஒரு மென்பொருள் குழுவோ வாங்கி மறுநாளே பயன்படுத்தத் தொடங்கினால் பிழை உடனே தெரிந்துவிடும்; மாணவரைத் தேடித் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்த பிழையைச் சரிசெய்யும்போதுதான் தொழில் கைவருகிறது. ஊருக்குப் பயன் பிறப்பதும் அதே இடத்தில்தான். வேலைவாய்ப்புக்கு ஓர் அலுவலகம், சமூகப் பணிக்கு இன்னோர் அலுவலகம் என்று பிரித்துவைத்து இரண்டும் பேசிக்கொள்ளாமல் இருந்தால் இரண்டுமே மெலிந்துபோகும்.

மருத்துவம், செவிலியம், ஆசிரியப் பயிற்சி, சமூகப்பணி ஆகிய படிப்புகளில் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே விடை இருக்கிறது. அமெரிக்காவில் சமூகப்பணி இளங்கலைக்குக் குறைந்தது 400 மணி, முதுகலைக்குக் குறைந்தது 900 மணி களப்பயிற்சி இல்லாமல் அங்கீகாரம் பெற்ற பட்டம் கிடையாது. மற்றத் துறைகளில் இது பல்கலைக்கழகத்தின் விருப்பம். அதனால்தான் ஒப்பீடு தேவைப்படுகிறது.

படிப்பும் வேலையும் மாறி மாறி: கோ-ஆப்

1906-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 பொறியியல் மாணவர்களோடு ஒரு முயற்சியைத் தொடங்கினார். ஒரு வாரம் வகுப்பு, மறுவாரம் தொழிற்சாலை. கோ-ஆப் என்று இன்று அழைக்கப்படும் முறையின் தொடக்கம் அதுதான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-ல் இந்த முறையையே அடித்தளமாகக் கொண்டு பிறந்தது. அங்கே ஒரு பருவம் நான்கு மாதம். பொறியியல் பட்டத்துக்கு எட்டுப் படிப்புப் பருவமும் ஆறு வேலைப் பருவமும் சேர்ந்து 4 ஆண்டு 8 மாதம் ஆகிறது. பருவத்துக்கு 16 வாரம், வாரத்துக்கு 37 மணி என்று வைத்தால் பட்டம் வாங்குவதற்குள் மாணவர் 3,500 மணி நேரத்துக்கு மேல் சம்பளத்தோடு வேலை பார்த்திருப்பார்.

மணிக்கணக்கைவிட, அந்த வேலை படிப்புக்கு இடையிடையே வருவதுதான் இந்த முறையின் பலம். முதல் பருவத்தில் மாணவர் தனக்கு எது வராது என்று கண்டுகொள்கிறார். தரவுத்தளம் தெரியவில்லை, அளவுக்கருவியைச் சரியாக வைக்கத் தெரியவில்லை, ஒரு தாமதத்தை மேலாளரிடம் எப்படி முன்கூட்டியே சொல்வது என்று தெரியவில்லை. திரும்பி வந்து படிக்கும் நான்கு மாதத்தில் அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகிறார். ஒரு துறை தனக்கு ஒத்துவராது என்பதை இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்துகொள்பவருக்கு வழியை மாற்ற நேரம் இருக்கிறது. பட்டம் வாங்கி, கடன் தவணையும் தொடங்கிய பிறகு தெரிந்துகொள்பவருக்கு அது இல்லை.

குறைகளும் உண்டு. முதல் வேலைப் பருவம் கிடைப்பதுதான் மிகக் கடினம், ஏனென்றால் அனுபவம் கேட்கும் இடத்தில் காட்ட எதுவும் இருக்காது. நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீடு மாற வேண்டியிருக்கும். வாடகை ஒப்பந்தங்கள் ஓராண்டுக்கென்றால் இரட்டைச் செலவு. ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் அந்தப் பாடம் மறுபடி நடத்தப்படும் பருவத்தில் மாணவர் வேலையில் இருப்பார். ஒரு தோல்வி ஓராண்டை இழுத்துவிடும். பொருளாதாரம் சரியும்போது நிறுவனங்கள் முதலில் நிறுத்துவது இந்தத் தற்காலிக இடங்களைத்தான். அப்போது பல்கலைக்கழகம் என்ன செய்யும், வேலை கிடைக்காத மாணவர் பட்டம் வாங்க மாற்று வழி உண்டா என்று விதிமுறைப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். வாய்மொழிப் பதில் போதாது.

சமூகப் பயன் என்று பார்த்தால் கோ-ஆப் தானாக அந்தப் பக்கம் சாயாது. சம்பளம் தர வசதியுள்ள இடங்கள் பெரும்பாலும் தனியார் நிறுவனங்கள். தொண்டு நிறுவனமோ உள்ளாட்சி அமைப்போ மாணவரை எடுக்க விரும்பினாலும் பணம் இருக்காது. அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பல்கலைக்கழகம் ஏற்கிறதா என்று கேளுங்கள். ஏற்கிறது என்றால் அங்கே சமூகப் பணி என்பது பேச்சோடு நிற்கவில்லை.

வேலை ஒப்பந்தத்தோடு தொடங்கும் பட்டம்

ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 1974-ல் தொழிற்கழகங்களாகத் தொடங்கி 2009-ல் பல்கலைக்கழகமாக மாறிய அமைப்பு ஒன்று உண்டு. அங்கே மாணவர் முதலில் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறார். அதன் பிறகுதான் சேர்க்கை. மூன்று மாதம் வகுப்பு, மூன்று மாதம் நிறுவனம் என்று மூன்று ஆண்டு. வகுப்பில் இருக்கும் மாதங்களிலும் சம்பளம் உண்டு. வேலை தருபவர்களில் சமூக நிறுவனங்களும் உண்டு என்பதால் சமூகப்பணி படிப்பவர்களும் இதே முறையில் படிக்கலாம்.

பணக் கவலை உள்ளவருக்கு இதைவிடத் தெளிவான ஏற்பாடு கிடையாது. ஆனால் பள்ளி முடித்த கையோடு ஒரு தொழிலையும் ஒரு நிறுவனத்தையும் தேர்ந்தெடுத்துவிட வேண்டியிருக்கிறது. மற்ற மாணவர்களுக்குக் கிடைக்கும் நீண்ட கோடை விடுமுறை இருக்காது. ஊழியருக்கு எவ்வளவு விடுப்போ அவ்வளவுதான். பாடங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். இந்த மாதிரி ஏற்பாடு எங்கே இருந்தாலும், கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் மூன்று பிரிவுகளை வரி வரியாகப் படிக்க வேண்டும்: படிப்பு முடிந்தபின் எத்தனை ஆண்டு அங்கேயே வேலை பார்க்க வேண்டும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், நிறுவனமே மூடப்பட்டால் அல்லது வேறொருவர் வாங்கிவிட்டால் மாணவரின் இடம் என்னாகும். மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை.

கோடை இன்டர்ன்ஷிப்

எட்டு வார இன்டர்ன்ஷிப்பை உள்ளே பிரித்துப் பார்த்தால் அதன் அளவு புரியும். அடையாள அட்டை, கணினி அனுமதி, பாதுகாப்பு விதிகள் என்று முதல் வாரம் போய்விடும். என்ன வேலை என்று புரிந்துகொள்ள இரண்டாவது வாரம். கடைசி வாரம் விளக்கவுரை தயாரிக்க. மிஞ்சுவது ஐந்து வாரம். அந்த ஐந்து வாரத்தில் முடிக்கக்கூடிய வேலை எது என்று மாணவர் போய்ச் சேருமுன்பே ஒரு பக்கத்தில் எழுதி, நிறுவனத்தின் வழிகாட்டியும் பல்கலைக்கழகத்தின் வழிகாட்டியும் ஒப்புக்கொண்டிருந்தால் அது நல்ல இன்டர்ன்ஷிப். அந்த ஒரு பக்கம் இல்லையென்றால் மாணவர் யார் யாருக்கோ உதவியாளராகவே எட்டு வாரமும் கழியும்.

சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கும் பல்கலைக்கழகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். கோடையில் சம்பாதித்தால்தான் அடுத்த ஆண்டுக் கட்டணம் என்றிருக்கும் மாணவர் அங்கே தோற்றுப்போவார். அவர் திறமைக்கும் அந்தத் தோல்விக்கும் சம்பந்தமே இருக்காது. பணம் கட்டினால் சான்றிதழ் தரும் இன்டர்ன்ஷிப்புகளைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டு கிரெடிட் தருகிறதென்றால், அங்கே யாரும் சரிபார்ப்பதில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

புராஜெக்ட்டை நடுவில் வைத்த பல்கலைக்கழகங்கள்

டென்மார்க்கின் ஆல்போர் பல்கலைக்கழகம் 1974-ல் தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு செமஸ்டரின் ஏறக்குறைய பாதியைக் குழு புராஜெக்ட்டுக்கு ஒதுக்குகிறது. பாடங்கள் அந்தப் புராஜெக்ட்டுக்குத் தேவையானதைத் தரும் துணைகள். அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக் 1970-ல் தன் பாடத்திட்டத்தையே மாற்றி இரண்டு பெரிய புராஜெக்ட்டுகளைப் பட்டத்துக்கான நிபந்தனையாக்கியது. ஒன்று சொந்தத் துறையில். மற்றொன்று தொழில்நுட்பமும் சமூகமும் சந்திக்கும் ஒரு சிக்கலைப் பற்றியது. அதை வேறு வேறு துறை மாணவர்கள் சேர்ந்து செய்கிறார்கள், மூன்று பாடங்களுக்குச் சமமான கிரெடிட் அதற்கு உண்டு. வெளியூர் மையத்துக்குப் போகும் குழு முந்தைய பருவத்தில் தயாரிப்பு வகுப்பை முடித்துவிட்டு, அங்கே ஏழு வாரம் வேறு பாடம் எதுவும் இல்லாமல் இந்த ஒரு வேலையை மட்டும் பார்க்கிறது.

ஏழு வாரம் முழுநேரம் என்பதும், பதினைந்து வாரம் வாரத்துக்கு மூன்று மணி என்பதும் ஒன்றல்ல. முதலாவது ஏறக்குறைய 280 மணி. இரண்டாவது 45 மணி. புராஜெக்ட் உண்டு என்று இரண்டு கையேடுகளும் ஒரே சொல்லால் சொல்லும். கிரெடிட் எத்தனை, அந்த வாரங்களில் வேறு எத்தனைப் பாடம் ஓடுகிறது என்று கேட்டால்தான் வித்தியாசம் வெளியே வரும்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995-ல் தொடங்கிய எபிக்ஸ் திட்டம் வேறொரு சிக்கலைத் தீர்த்தது. செமஸ்டர் முடிந்ததும் மாணவர் குழு கலைந்துவிடும். அரைகுறையாக நின்ற கருவியை யார் பராமரிப்பது? அங்கே ஒரு சமூக அமைப்போடு ஒரு குழு பல ஆண்டு தொடர்கிறது. குழுவில் முதலாண்டு மாணவரும் இருப்பார், இறுதியாண்டு மாணவரும் இருப்பார். மூத்தவர் வெளியேறும்போது இளையவருக்கு வேலை தெரிந்திருக்கும். பழுது வந்தால் பார்க்க ஆள் இருக்கும். இந்த ஒரு வடிவமைப்புக்காகவே, புராஜெக்ட் வழியில் போக நினைப்பவர்கள் தாங்கள் சேரப்போகும் இடத்தில் குழுவின் வயது என்ன என்று கேட்க வேண்டும். ஐந்து ஆண்டாக ஒரே அமைப்போடு வேலை செய்யும் குழு ஒன்று இருந்தால், ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும் ஐம்பது புராஜெக்ட்டுகளைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

புராஜெக்ட் முறை கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். ஐந்து பேர் குழுவில் இரண்டு பேர் வேலை செய்வார்கள், ஐந்து பேருக்கும் ஒரே மதிப்பெண் வரும். டென்மார்க்கில் இந்தக் கவலை அரசியல் வரைக்கும் போய், குழுத்தேர்வையே சில ஆண்டு தடைசெய்து பிறகு மீண்டும் அனுமதித்தார்கள். சரியான வழி, குழுவாக மதிப்பிட்டாலும் வைவா எனும் வாய்மொழித் தேர்வில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு தனித்தனி மதிப்பெண் தருவது. இடையில் இரண்டு முறையாவது குழுவினர் ஒருவரையொருவர் எழுத்தில் மதிப்பிட வைப்பது. பருவ முடிவில் மட்டும் மதிப்பிட்டால் நட்புக்காக எல்லோருக்கும் முழு மதிப்பெண் விழும். ஐந்தாவது வாரத்தில் ஒருமுறை செய்தால் ஒதுங்கி நிற்பவரைத் திருப்பிக் கொண்டுவர நேரமிருக்கும்.

இன்னொன்று, நிறுவனம் தந்த புராஜெக்ட்டில் ரகசியக் காப்பு ஒப்பந்தம் இருந்தால் அந்த வேலையை நேர்காணலில் காட்ட முடியாது. எதை வெளியே காட்டலாம், உருவாக்கியது யாருக்குச் சொந்தம் என்று தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சமூகப் பணியைப் பாடத்தோடு இணைத்தவை

இங்கேதான் நல்லதுக்கும் வெற்றுச் சடங்குக்கும் தூரம் அதிகம். கவனமாகப் பார்க்க வேண்டியதும் இதைத்தான்.

சமூகப் பணியில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, படிப்புக்கு வெளியே மணிக்கணக்கில் செய்வது. இந்தியாவில் என்.எஸ்.எஸ். எனும் நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24-ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இரண்டு ஆண்டில் 240 மணி, ஒரு வாரச் சிறப்பு முகாம் என்பது அதன் அமைப்பு. மெக்சிகோவில் பட்டம் வாங்க வேண்டுமானால் குறைந்தது ஆறு மாதத்தில் 480 மணி சமூக சேவை கட்டாயம். இரண்டாவது வகை, மாணவர் படிக்கும் பாடத்தையே களத்தில் பயன்படுத்தி, அதற்கு மதிப்பெண்ணும் வாங்குவது. சேவை வழிக் கற்றல் என்ற பொருள்தரும் ஆங்கிலப் பெயர் 1967-ல் அமெரிக்காவின் தென்பகுதிக் கல்வி வாரியத்தில் இதற்கு வைக்கப்பட்டது.

முதல் வகை ஒழுக்கத்தையும் கூடி வேலை செய்யும் பழக்கத்தையும் தரும். மரம் நடுவதும் இரத்ததான முகாம் நடத்துவதும் நல்ல காரியங்கள். ஆனால் கணக்கியல் மாணவர் மரம் நட்டால் அவருடைய கணக்கியல் வளராது. அவருடைய கணக்கியலால் யாருக்கும் பயனும் விளையாது. அதே மாணவர் ஒரு சுய உதவிக் குழுவின் மூன்று ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்து, தணிக்கைக்குத் தயாராக ஒழுங்குபடுத்திக் கொடுத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். நேர்காணலிலும் அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் பத்து நிமிடம் பேச முடியும்.

இரண்டாவது வகை நடக்க ஐந்து பாகங்கள் வேண்டும். களத்தில் இருக்கும் அமைப்போடு எழுத்துப்பூர்வமான புரிந்துணர்வு, மாணவர் போகுமுன் தயாரிப்பு வகுப்பு, வேலை, செய்ததைத் திரும்பிப் பார்த்து எழுதும் குறிப்பு, கடைசியில் ஒப்படைப்பு. இவற்றில் தயாரிப்பும் ஒப்படைப்பும்தான் முதலில் வெட்டப்படும். பதினைந்து வார செமஸ்டரில் வாரம் மூன்று மணி என்றால் 45 மணி. தயாரிப்புக்கு மூன்று வாரமும் ஒப்படைப்புக்கு இரண்டு வாரமும் போனால் களத்துக்கு 30 மணி மிஞ்சும். பயண நேரத்தையும் அதிலேயே கழித்தால் இன்னும் குறையும். 30 மணி நேரத்தில் ஓர் ஊரின் வறுமையைத் தீர்க்கப்போகிறோம் என்று பாடத்திட்டம் எழுதப்பட்டிருந்தால் அதை எழுதியவர் களத்துக்குப் போனதில்லை. 30 மணியில் ஒரு மருந்தகத்தின் இருப்புப் பதிவேட்டைச் சரிசெய்யலாம், ஒரு பள்ளி நூலகத்தின் பட்டியலை முடிக்கலாம், பத்துக் கிணற்று நீரைச் சோதித்து முடிவை வீட்டுக்காரர்களுக்குப் புரியும்படி எழுதித் தரலாம். அளவு சிறியதாக இருப்பதில் குற்றமில்லை. முடிந்திருக்க வேண்டும்.

என்ன கெடுகிறது என்றால், பெரும்பாலும் நாட்காட்டி. பல்கலைக்கழகத்துக்குச் செமஸ்டர் உண்டு, தேர்வு விடுமுறை உண்டு. விவசாயிக்கும் நோயாளிக்கும் குழந்தைகளுக்கும் அது கிடையாது. அறுவடை நேரத்தில் போய்க் கணக்கெடுப்புத் தாளை நீட்டுவதும், குழந்தைகளோடு பழகி மூன்று மாதத்தில் சொல்லாமல் மறைந்துவிடுவதும் அடிக்கடி நடக்கின்றன. ஒரே தெருவில் ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வந்து அதே கேள்விகளைக் கேட்டுப் போவார்கள். பதில்கள் என்னவாயின என்று அந்தத் தெருவுக்கு யாரும் திரும்பி வந்து சொன்னதில்லை. இப்படிச் செய்யும் பல்கலைக்கழகம் மக்களின் நேரத்தை எடுத்துத் தன் மாணவருக்கு மதிப்பெண்ணாக மாற்றிக்கொள்கிறது. அது சேவை இல்லை.

நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் 1970-களில் உருவான ‘அறிவியல் கடைகள்’ என்ற மையங்கள் இதைத் தலைகீழாக்கின. அங்கே கேள்வி வெளியிலிருந்து வரும். காசு கொடுத்து ஆய்வு செய்யமுடியாத ஒரு குழு, உதாரணமாக ஆலைப்புகையால் அவதிப்படும் குடியிருப்பு, தன் கேள்வியோடு வரும். மாணவர் அதைத் தன் ஆய்வேடாக எடுத்துக்கொள்வார். கேள்வியை ஏற்பதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்தார்கள்: கேட்பவரிடம் ஆய்வுக்கான பணம் இருக்கக் கூடாது, லாப நோக்கம் இருக்கக் கூடாது, கிடைக்கும் முடிவைப் பயன்படுத்தும் நிலையில் அவர் இருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனை அருமையானது. வாங்கிக்கொள்ளக் கை இல்லாத இடத்தில் மாணவரின் உழைப்பைக் கொட்டக் கூடாது என்று அது சொல்கிறது. சமூக அக்கறை உண்டு என்று சொல்லும் எந்தப் பல்கலைக்கழகத்திடமும் கேட்கலாம்: கேள்விகளை யார் கொண்டுவருகிறார்கள், நீங்களா அவர்களா?

பிளேஸ்மென்ட் எண்ணைப் பிரித்துப் பார்ப்பது

வேலைவாய்ப்பு விகிதம் 80 சதவீதம் என்று போட்டிருந்தால் முதலில் எத்தனை பேரில் என்று கேளுங்கள். ஒரு வகுப்பில் 200 பேர். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பதிவு செய்யத் தகுதி பெற்றவர்கள் 150. வேலை கிடைத்தவர்கள் 120. 150-ல் 120 என்றால் 80 சதவீதம். 200-ல் 120 என்றால் 60 சதவீதம். மதிப்பெண் குறைந்தவர்களைப் பதிவே செய்யவிடாமல் நிறுத்திவைத்தால் விகிதம் தானாக ஏறும். ஒரே மாணவருக்கு வந்த மூன்று வேலை ஆணைகளை மூன்றாக எண்ணும் இடங்களும் உண்டு. ஆட்களின் எண்ணிக்கையா, ஆணைகளின் எண்ணிக்கையா என்று கேட்க வேண்டும்.

சராசரிச் சம்பளமும் இப்படித்தான். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 3 அலகு, ஒருவருக்கு 33 அலகு என்றால் சராசரி 6. அந்த ஆறை வாங்குபவர் அந்த வகுப்பில் ஒருவர்கூட இல்லை. இடைநிலை அளவை, அதாவது எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் வரும் சம்பளத்தை, கேட்டால் 3 என்று உண்மை வரும்.

எப்போது எண்ணினார்கள் என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் பட்டதாரிகளைப் படிப்பு முடிந்து ஆறு மாதத்தில் கேட்டுக்கொண்டிருந்த பழைய கணக்கெடுப்பை மாற்றி, இப்போது ஏறக்குறைய 15 மாதம் கழித்துக் கேட்கிறார்கள். ஆறு மாதத்தில் ஏதோ ஒரு வேலை இருக்கும். படித்ததற்கும் செய்வதற்கும் தொடர்பு உண்டா என்பது கொஞ்சம் தள்ளித்தான் தெரியும். மூன்று ஆண்டு கழித்து என்ன செய்கிறார்கள் என்ற பட்டியலைக் காட்டக்கூடிய துறை தன் மாணவர்களைத் தொடர்ந்து கவனிக்கிறது என்று நம்பலாம்.

யாருக்கு எது

படிப்புச் செலவைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியவருக்குச் சம்பளத்தோடு இணைந்த பட்டம் அல்லது கோ-ஆப். அமெரிக்காவின் பெரியா கல்லூரி போலக் கட்டணமே வாங்காமல், எல்லா மாணவரையும் வாரம் குறைந்தது பத்து மணி நேரம் வளாகத்திலேயே வேலை செய்யவைக்கும் ஏற்பாடுகளும் இருக்கின்றன, ஆனால் அவை மிகச் சில.

எந்தத் தொழில் என்று இன்னும் முடிவாகாதவர் ஒப்பந்தப் பட்டத்துக்குப் போகக் கூடாது. அவருக்குக் கோ-ஆப்தான் சரி. இரண்டு, மூன்று வேறுபட்ட இடங்களைப் பார்த்துவிடலாம். கோ-ஆப் இல்லாத இடமென்றால் இரண்டு கோடையில் இரண்டு வெவ்வேறு வகை நிறுவனங்களில் இன்டர்ன்ஷிப்.

அரசுப் பணி, பொதுச் சுகாதாரம், நகர்த் திட்டம், தொண்டு நிறுவனம் என்று போக நினைப்பவர் பலர் சமூகப் பணி மணிக்கணக்கு அதிகமுள்ள இடத்தைத் தேடுகிறார்கள். நீண்ட காலப் புராஜெக்ட் குழு உள்ள இடமே அவர்களுக்குப் பொருத்தம் என்று தயங்காமல் சொல்லலாம். அந்த வேலைகளில் எதிர்ப்படும் உண்மையான சிக்கல் தொடங்கியதைத் தொடர்ந்து நடத்துவது. மூன்று ஆண்டு ஒரே அமைப்போடு இருந்து, பணம் குறைந்தபோதும் ஆள் மாறியபோதும் என்ன நடந்தது என்று பார்த்தவருக்கு அந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும். ஆய்வுக்குப் போக விரும்புபவர் வெளியிலிருந்து வரும் கேள்வியை ஆய்வேடாக எடுக்க அனுமதிக்கும் துறையைத் தேடலாம்.

நேரில் பார்க்கப் போகும்போது வளாகத்தைச் சுற்றிக் காட்டுபவரிடம் நேரம் செலவிடுவதைவிட இரண்டு காகிதங்களைக் கேட்பது மேல். ஒன்று, சென்ற ஆண்டு முடிந்த ஏதாவதொரு புராஜெக்ட்டின் ஒப்படைப்பு ஆவணம். இரண்டு, அதற்கு மதிப்பெண் போட்ட அளவுகோல். ஆவணத்தில் பராமரிப்பு யார் பொறுப்பு, கோப்புகள் எங்கே, என்ன முடியவில்லை என்பவை எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அளவுகோலில் வாங்கிக்கொண்டவரின் கருத்துக்கு ஒரு மதிப்பெண்ணாவது ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர் என்றும் கேட்கலாம். அறுபது பேரைப் பார்க்கும் வழிகாட்டி யாரையும் பார்ப்பதில்லை. முடிந்தால் அந்த அமைப்பையே அழைத்து, அடுத்த ஆண்டும் மாணவர்களை ஏற்பீர்களா என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரமே நிறையச் சொல்லும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்டவர்களுக்கு

இந்த ஏற்பாடுகள் எதுவும் இல்லாத இடத்தில் படிப்பவர் அதிகம். அவர்கள் கையில் இறுதியாண்டு புராஜெக்ட் ஒன்று கட்டாயம் இருக்கும். அதை மட்டும் வைத்தே நிறையச் செய்யலாம்.

தலைப்பு பதிவு செய்ய எட்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். நூலகம், ஆரம்பச் சுகாதார நிலையம், சிறு தொழிற்கூடம், கூட்டுறவுச் சங்கம் போன்றவற்றில் மூன்று இடங்களுக்குப் போய், ஒவ்வோர் இடத்திலும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்கு என்ன பிரச்சினை என்று கேட்டால் பெரிய பதில்தான் வரும். தினமும் திரும்பத் திரும்ப நேரம் தின்னும் வேலை எது என்று கேட்டால் பயன்படும் பதில் வரும். மூன்றில் எந்த இடத்தில் முடிவை வாங்கிப் பயன்படுத்தக்கூடிய ஒரு குறிப்பிட்ட ஆள் இருக்கிறாரோ அந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சிக்கல் எவ்வளவு சுவாரசியமானது என்பது இரண்டாவது.

பிறகு ஒரு பக்க ஒப்புதல்: என்ன செய்யப்போகிறோம், என்ன செய்யமாட்டோம், எந்தத் தரவைத் தொடுவோம், எந்தத் தேதியில் ஒப்படைப்போம். நோயாளியின் பெயரோ கடன்காரரின் கணக்கோ வரும் தரவு என்றால் அதை வெளியே எடுத்துப்போகாமல் அங்கேயே வேலை செய்ய வேண்டும். இந்தப் பக்கத்தை வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டினால் பெரும்பாலானவர்கள் மறுப்பதில்லை. அவர்களுக்கும் புதிய தலைப்பு வேண்டியிருக்கிறது.

பாதி வேலை முடிந்ததுமே அந்த ஆளிடம் கொடுத்துப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும். முழுதாக முடித்துவிட்டுக் காட்டலாம் என்று காத்திருப்பவர்களின் புராஜெக்ட்தான் ஒப்படைத்த மறுவாரம் மூலையில் கிடக்கும். பக்கத்தில் நின்று, கையால் எதையும் காட்டாமல், அவர் எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மீதி நாட்களில் செய்ய வேண்டியவை அந்தக் குறிப்பிலேயே இருக்கும். கடைசி மூன்று வாரத்தை ஒப்படைப்புக்கு ஒதுக்கிவிடுங்கள்: பயன்படுத்தும் முறை இரண்டு பக்கத்தில், பழுதானால் என்ன செய்வது ஒரு பக்கத்தில், அந்த இடத்தில் வேலை செய்யும் இருவருக்கு நேரடிப் பயிற்சி. ஒருவருக்கு மட்டும் கற்றுக்கொடுத்தால் அவர் இடமாற்றம் ஆகும் நாளில் எல்லாம் நின்றுபோகும்.

சுயவிவரத்தில் இதை எழுதும்போது பயன்படுத்திய மென்பொருள்களின் பட்டியலை முதலில் வைக்க வேண்டாம். முன்பு அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது, இப்போது எவ்வளவு ஆகிறது, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், ஆறு மாதம் கழித்தும் ஓடுகிறதா என்ற நான்கு விவரமும் மூன்று வரியில் அடங்கும். ஆறு மாதக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமானால் படிப்பு முடிந்த பிறகு ஒருமுறை அந்த இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். போகும் தேதியை ஒப்படைக்கும் நாளிலேயே அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.